மூன்றாவது கட்டம் இல்லாத படிவம்

கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலையைக் கடந்து செல்வோரில் பலருக்கு அவ்வூரில் இலங்கைத் தமிழர் முகாம் ஒன்று இருப்பது தெரியாது. திருவண்ணாமலையில் மாதமொருமுறை கூடிப் புத்தகங்களைப் பற்றிப் பேசும் எங்களுக்கும், அங்கிருந்து ஓர் இளைஞர் வரத் தொடங்கிய பிறகே முகாம் என்ற சொல்லுக்கு ஒரு முகம் கிடைத்தது. அவருடைய பெற்றோர் 1990இல் மண்டபத்தில் வந்து இறங்கியவர்கள். அவர் 1998இல் தமிழ்நாட்டிலேயே பிறந்தவர், வணிகவியல் பட்டதாரி.

சென்னையிலுள்ள ஒரு நிறுவனம் அவரை நேர்காணலில் தேர்ந்தெடுத்தது. பிறகு சரிபார்ப்புப் படிவம் வந்தது. இந்தியர், வெளிநாட்டவர் என இரண்டே கட்டங்கள். வெளிநாட்டவர் எனில் பாஸ்போர்ட் எண்ணும் விசா வகையும் தர வேண்டும். அவரிடம் இருந்தவை ஆதாரும் முகாம் அடையாள அட்டையும்தான். "சட்டப் பிரிவில் கேட்டுவிட்டுச் சொல்கிறோம்" என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். அதன்பின் அழைப்பு வரவில்லை.

அவர்களை மட்டும் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கெனத் தனிச் சட்டமும் இங்கில்லை. 1987 ஜூலை 1க்கு முன் இம்மண்ணில் பிறந்தவர்களுக்குப் பிறப்பே குடியுரிமை தந்தது. அதன்பின் 2004 டிசம்பர் வரை பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2019ஆம் ஆண்டுத் திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய நாடுகளிலிருந்து வந்தோரைப் பற்றி மட்டுமே பேசியது. 2021இல் தமிழக அரசு அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என மாற்றியது. 2025 செப்டம்பரில் வந்த மத்திய அரசின் ஆணை, 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாமைக்கான தண்டனையிலிருந்து விலக்களித்தது. தண்டிக்க மாட்டோம் என்பது வேறு, வேலை செய்யலாம் என்பது வேறு. நிறுவனங்கள் தேடுவது இரண்டாவது வாக்கியத்தை.

அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டுச் சட்டம், போராலும் பேரிடராலும் நாடு திரும்ப இயலாதவர்களுக்குத் தற்காலிகப் பாதுகாப்பையும் அதனோடு வேலை அனுமதி அட்டையையும் வழங்கியது. அதிலும் சிக்கல் இல்லாமலில்லை. அட்டையில் அச்சிட்ட தேதி முடிந்த பிறகும், அரசிதழ் அறிவிப்பு ஒன்றால் அது பலமுறை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. அறிவிப்பைப் படிக்காத முதலாளி தேதியை மட்டும் பார்த்துத் தயங்குவார். ஆனால் காட்டுவதற்கு ஓர் அட்டையாவது இருந்தது.

செங்கம் சாலையில், ரமணாசிரமத்தைச் சுற்றி மாதக்கணக்கில் தங்கும் ஐரோப்பியரும் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவரே. அவர்களுக்குப் பாஸ்போர்ட் உண்டு, திரும்பிப் போக ஊருண்டு. இவர் இலங்கையைப் பார்த்ததே இல்லை.

தமிழ்நாட்டு முகாம்களின் ஆண்களில் மிகப் பலர் பெயின்டர்களாக இருப்பது ஏனென்று முன்பு யோசித்ததுண்டு. மேஸ்திரி தாள் எதுவும் கேட்பதில்லை. அன்றன்றைக்குக் கூலி, முகாம் கணக்கெடுப்பு நாளில் மட்டும் திரும்பி வந்து நிற்க வேண்டும். இப்போது அவரும் அந்த வேலைக்குத்தான் போகிறார். சென்ற கூட்டத்துக்கு நகக்கண்ணில் வெள்ளைச் சுண்ணத்தோடு வந்தார். அடுத்த மாதம் பேசவேண்டிய நாவலை எடுத்துக்கொண்டு, கணக்கெடுப்பு நாளோடு கூட்டம் மோதாமல் பார்த்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டார். தேதியை மாற்றி வைத்திருக்கிறோம்.