தலைமாடு உயர்ந்த கட்டில்

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகின்ற திருமுக்கூடலுக்கு நாம் சென்றது ஒரு கல்வெட்டைக் காண்பதற்காகவே. வெங்கடேசப் பெருமாள் கோயிற் சுவரில், வீரராசேந்திர சோழன் (1063–1070) காலத்து எழுத்துகளில், 'வீரசோழன்' என்னும் ஆதுலர்சாலையின் கணக்கு வெட்டப்பட்டிருக்கிறது. நோயாளிகள் கிடக்க 15 இடம், மருத்துவர் ஒருவர், அறுவை செய்வார் ஒருவர், மூலிகை கொணர்வார் இருவர், மருந்தும் பணிவிடையும் செய்யும் பெண்டிர் இருவர். இரவெல்லாம் எரிய ஒரு விளக்கு. மருந்துகளின் வரிசையில் வாசா ஹரீதகியும் உண்டு. ஆடாதோடையும் கடுக்காயும் சேர்ந்த அம்மருந்து இருமலுக்கானது.

பதினைவருக்குப் பணிப்பெண்டிர் இருவர் என்பதைப் படித்ததும் நம் நெஞ்சம் வேறொரு கூடத்திற்குச் சென்றுவிட்டது. அங்கும் இரவெல்லாம் விளக்கு எரிந்தது. நம் பெரியத்தா பக்கவாதத்தால் நினைவிழந்து, தீவிர சிகிச்சைப் பிரிவில், தொண்டையிற் குழாயோடு கிடந்தார். செயற்கைச் சுவாசம் பெறுபவருக்கு ஆளுக்கொரு செவிலி வேண்டும் என்பார்கள். அன்றிரவு ஒரே பெண் மூவரைக் கவனித்தார். ஐந்தாம் நாள், மருத்துவர் நம்மை அழைத்து, 'நுரையீரலில் கிருமி இறங்கிவிட்டது' என்றார். வீட்டிலிருந்து கொண்டுவந்த நோயன்று அது, அங்கே வந்தது.

உயிர் காக்கும் குழாயே வழியும் ஆகிவிடுகிறது என்பது பிறகுதான் நமக்கு விளங்கிற்று. இருமல் என்பது தொல்லையன்று, காவல். மயக்கத்தில் அக்காவல் போய்விடுகிறது. வாயில் ஊறும் நீர், குழாயைச் சுற்றியுள்ள சிறு பலூனின் ஓரமாகக் கசிந்து இறங்குகிறது. குழாய் பொருத்தி 48 மணி நேரம் கடந்தபின் தோன்றும் நிமோனியாவை இவ்வகையில் சேர்க்கிறார்கள். அதை உறுதிசெய்வது எளிதன்று. எக்ஸ்ரேயில் தெரியும் வெண்மை நீராகவும் இருக்கலாம். உறிஞ்சியெடுத்த சளியில் வளரும் கிருமி, குழாயில் வெறுமனே குடியிருப்பதாகவும் இருக்கலாம். ஆகவே கிருமி உண்டா என்பதோடு நில்லாமல், எத்துணை என்றும் எண்ணிப் பார்க்கிறார்கள்.

இந்தியாவின் 7 நகரங்களில் 12 தீவிர சிகிச்சைப் பிரிவுகளை ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், நோயாளிகள் கருவியோடு கழித்த ஒவ்வோர் ஆயிரம் நாளுக்கும் பத்துக்குச் சற்று மேலாக இந்நோய் காணப்பட்டது. அசினெட்டோபாக்டர், கிளெப்சியெல்லா, சூடோமோனாஸ் என்பன நம் நாட்டு மருத்துவமனைகளில் பழகிய பெயர்கள். பல மருந்துகளுக்கு அவை அடங்குவதில்லை; சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று ஒருகாலத்தில் ஒதுக்கிவைத்த கோலிஸ்டினையே தேடிப் போக வேண்டியதாயிற்று. மருத்துவர் அப்துல் கஃபூர் முன்னின்று, 2012இல் மருத்துவச் சங்கங்களைச் சென்னையில் கூட்டி, மருந்துகளை வரைமுறையின்றி வழங்குவதைத் தடுக்கத் திட்டம் வகுத்தார். 'சென்னைப் பிரகடனம்' என்பது அதன் பெயர். 2019இல் கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் கோலிஸ்டின் கொடுப்பதை அரசு தடைசெய்தது.

ஆனால் நம் உறக்கத்தைக் கெடுத்தது மருந்தின் கதையன்று. 1999இல் வெளிவந்த பார்சிலோனா ஆய்வு. கருவியிலிருந்த நோயாளிகளில் 39 பேரைத் தலைப்புறம் உயர்த்திச் சாய்த்தும், 47 பேரை மட்டமாகவும் படுக்கவைத்தார்கள். சாய்ந்திருந்தோரில் 3 பேருக்கு நிமோனியா என்ற ஐயம் எழுந்தது. மட்டமாகக் கிடந்தோரில் 16 பேருக்கு!

பெரியத்தாவின் கட்டிலும் தலைமாடு உயர்ந்தே இருந்தது. 'கழுத்து தொங்குகிறதே, சற்று இறக்கிவிடம்மா' என்று அந்தச் செவிலியிடம் மன்றாடியவர்கள் நாமே. அவர் முதலில் மறுத்தார். நம் பெரியம்மாவின் கண்ணீரைக் கண்டு இறக்கினார். வந்தவரெல்லாம் பேருந்தில் பிடித்த கையோடு அவர் நெற்றியைத் தடவினோம். ஜம்ஜம் நீரில் பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றினோம். ஒரு துளி உள்ளே சென்றதைக் கண்டு மகிழவும் செய்தோம். தொழுகைக்கென ஐவேளையும் கை கழுவும் நாம், அக்கட்டிலருகே கழுவவில்லை. அதனால்தான் கிருமி இறங்கிற்று என்று எந்த மருத்துவரும் கூறவில்லை. இல்லையென்றும் கூறவில்லை. பதினோராம் நாள் அவர் மௌத்தானார்.

சென்ற ஆண்டு நம் மச்சானுக்கும் அவ்வாறே குழாய் பொருத்தும்படி ஆயிற்று. உள்ளே ஒருவரை மட்டுமே அனுப்பினோம். மற்றவர்கள் கண்ணாடிக்கு வெளியே நின்று துஆ ஓதினோம். மக்காவிலிருந்து வந்த ஜம்ஜம் புட்டி ஒன்பது நாளும் திறக்கப்படாமல் நம் பையிலேயே இருந்தது. பத்தாம் நாள் குழாயை எடுத்தார்கள். அவர் முதலில் இருமினார். பிறகு, 'தண்ணீர்' என்றார்.