தறிக்குழித் தண்ணீர்

மேட்டூரில் மதகைத் திறந்தால் பவானியில் எங்கள் அத்தை வீட்டுத் தறிக்குழிக்குத்தான் முதலில் தெரியும். ஜமக்காளம் நெய்வது குழித்தறியில். மாமா காலை உள்ளே விட்டு மிதிக்கும் அந்தப் பள்ளத்தின் அடிமண் ராத்திரியே கசியத் தொடங்கும். விடிவதற்குள் ஒரு சாண் தண்ணீர் நிற்கும். வெளியே வீதியில் சொட்டு ஈரம் இருக்காது. "ஏனுங்க, எந்திரிங்க, பாவை அவுத்துச் சுருட்டுங்க, தண்ணி வந்துருச்சு" என்று அத்தை மாமாவை உலுக்குவார். பண்டபாத்திரம் அப்புறம்தான்; முதலில் தறியில் நீட்டிக் கட்டிய நூலான பாவு.

மூட்டை முடிச்சோடு பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுவோம். ஆற்றோர வீதிச் சனமெல்லாம் ஒரே கூரையின் கீழ் படுத்துக் கிடந்த அந்த ராத்திரிகள் பிள்ளைகளுக்கு நோம்பி மாதிரி. வெள்ளம் வடிந்ததும் சேற்றை வழித்துப் போட்டுவிட்டு மறுபடியும் தறிச் சத்தம் கேட்கும். ஆற்றை வைது ஒருவரும் பேசி நான் கேட்டதில்லை.

இப்போது அத்தையும் இல்லை, தறியும் இல்லை. குழியை மூடி டைல்ஸ் ஒட்டிவிட்டார்கள். 2022 ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து விநாடிக்கு 2 லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் வந்தபோது அந்த வீட்டுக்குச் சேதி சொன்னது செல்போன்தான்.

பிழைப்புக்குக் கோயமுத்தூர் வந்து புலியகுளம் பக்கம் குடியிருந்தேன். பக்கத்திலேயே அம்மன்குளம். தண்ணீர் போய்க் குடிசைகள் நிறைந்திருந்த இடம். ஊருக்கு நடுவில் பொது நிலம்; இருக்கிற ஏழைகளுக்கே அங்கே அடுக்குமாடி கட்டிக் கொடுக்கலாம் என்று முடிவானது. எண்ணத்தில் குறையில்லை. 2010-ல், கட்டிக்கொண்டிருந்த அடுக்குகளில் சில மண்ணுக்குள் இறங்கின. ஆள் குடியேறும் முன்பே இடிக்க வேண்டியதாயிற்று. அதைக் கேட்டபோது எனக்குத் தறிக்குழிதான் ஞாபகம் வந்தது. மேலே காய்ந்து கிடந்தால் தண்ணீர் போய்விட்டதென்று யார் சொன்னது?

அதே ஆண்டில்தான் உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம் உள்ளிட்ட குளங்களைப் பொதுப்பணித் துறையிடமிருந்து மாநகராட்சி 90 ஆண்டுக் குத்தகைக்கு வாங்கியது. அப்புறம் ஸ்மார்ட் சிட்டி திட்டம் வந்தது. முத்தண்ணன் குளக்கரை வீடுகளை எடுத்து, அங்கிருந்தவர்களைக் கீரணத்தம், மலுமிச்சம்பட்டி என்று தொலைவில் குடியேற்றினார்கள். கரையில் இப்போது நடைபாதையும் விளக்கும். குளங்கள் மேல் வீடு ஏறாமல் தப்பியதில் எனக்குச் சந்தோசம்தான். சாயங்காலம் நானும் அங்கே நடக்கிறேன்.

குளத்தோர நிலத்தில் வீடா, பூங்காவா, கடைகளா என்று இனியும் கூட்டம் போட்டு யோசிப்பார்கள். எந்த மழைக்குத் தண்ணீர் எங்கே ஏறும், எந்த மண் கசியும் என்பது கரையில் குடியிருந்தவர்களுக்குத் தெரியும். அவர்களைத்தான் முதல் வேலையாக ஊருக்கு வெளியே அனுப்பிவிடுகிறோம்.