ஆயிரம் துளை அப்பம்

மொராக்கோ நாட்டு மக்கள் காலை உணவாகவும் மாலைச் சிற்றுண்டியாகவும் விரும்பி உண்ணும் அப்பத்திற்குப் 'பக்ரீர்' என்று பெயர். அதன் மேற்பரப்பு முழுவதும் தேன்கூடு போல நுண்ணிய துளைகள் நிறைந்திருக்கும். அதனால் அதனை 'ஆயிரம் துளை அப்பம்' என்றும் கூறுவர். ரமலான் மாதத்தில் நோன்பு திறக்கும் வேளையில் பல வீடுகளில் பக்ரீர் பரிமாறப்படும்.

என் தந்தையின் பணியின் பொருட்டு எங்கள் குடும்பம் சில ஆண்டுகள் காசாபிளாங்கா நகரில் வாழ்ந்தது. அடுத்த வீட்டில் ஒரு மூதாட்டி தனியே வசித்து வந்தார். பெண்களை மரியாதையுடன் 'லல்லா' என்று அழைப்பது அந்நாட்டு வழக்கம். நானும் அவரை அவ்வாறே அழைத்தேன். பக்ரீர் செய்ய எனக்குக் கற்றுத் தந்தவர் அவரே. எனக்கு அரபு மொழி தெரியாது. பள்ளியில் கற்ற பிரெஞ்சு மொழியோ அவருக்கு விளங்காது. ஆகவே ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்துக் காட்டி, அதன் பெயரைச் சொல்வார். ரவை 'ஸ்மீதா' ஆயிற்று. தண்ணீர் 'மா' ஆயிற்று. தமிழில் மாவைக் குறிக்கும் சொல் அங்கே நீரைக் குறிப்பது எனக்கு வியப்பாக இருந்தது.

மெல்லிய ரவை 2 கிண்ணம், மைதா அரைக் கிண்ணம், ஈஸ்ட் 1 தேக்கரண்டி, பேக்கிங் பவுடர் 2 தேக்கரண்டி, சிறிது உப்பு, சிறிது சர்க்கரை ஆகியவற்றை எடுத்துக்கொள்ள வேண்டும். ஏறத்தாழ 3 கிண்ணம் வெதுவெதுப்பான நீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, கட்டியின்றி நன்கு அடிக்க வேண்டும். அரைமணி நேரம் மூடி வைத்தால் மாவு நுரைத்து எழும்.

எண்ணெய் தடவாத ஒட்டாக் கல்லில், மிதமான சூட்டில், ஒரு கரண்டி மாவை ஊற்ற வேண்டும். குமிழிகள் மேலெழுந்து வெடிக்கும். வெடித்த இடங்கள் துளைகளாக நிலைத்துவிடும். துளைகள் தோன்றவில்லையெனில் மாவு கெட்டியாக உள்ளது என்று பொருள். அப்போது சிறிது வெந்நீர் சேர்த்தால் போதும். எங்கள் வீட்டு ஆப்பத்தைப் போலவே இதுவும் ஒருபுறம் மட்டுமே வேகும். ஆனால் ஆப்பத்திற்கு மூடி வேண்டும். பக்ரீருக்கு மூடி தேவையில்லை. திருப்பிப் போட்டால் துளைகள் அடைபட்டுவிடும். உருக்கிய வெண்ணெயையும் தேனையும் உறிஞ்சிக்கொள்பவை அத்துளைகளே அல்லவா?

ஒரு கோடை விடுமுறையில் லல்லாவின் பேத்தி வந்தாள். அவள் பிரான்சு நாட்டிலேயே பிறந்து வளர்ந்தவள். பாட்டியின் பேச்சு அவளுக்குச் சிறிதே விளங்கியது. அவளுடைய பேச்சு பாட்டிக்கு விளங்கவில்லை. ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டே இருவரும் நாள்களைக் கழித்தனர். அப்போது லல்லா என்னை அழைத்து, மாவுப் பாத்திரத்தையும் பேத்தியையும் மாறி மாறிச் சுட்டிக் காட்டினார். நான் புரிந்துகொண்டேன்.

பிரெஞ்சு மொழியில் விளக்கத் தொடங்கினேன். ஆனால் அச்சமையலின் சொற்களை நான் அரபு மொழியில்தான் கற்றிருந்தேன். 'ஸ்மீதா' என்றேன், அவளும் 'ஸ்மீதா' என்றாள். லல்லா சிரித்தபடியே எங்கள் இருவரின் உச்சரிப்பையும் திருத்தினார். முதல் அப்பத்தில் துளைகள் குறைவாக இருந்தன. பேத்தி கரண்டியைக் கையில் பிடித்தவாறு நிமிர்ந்தாள். என்னிடம் கேட்கவில்லை, பாட்டியைப் பார்த்து, "மா?" என்று கேட்டாள்.

பயிற்சி

1. பக்ரீரைத் திருப்பிப் போடாததற்குக் காரணம் யாது?
2. லல்லா ஆசிரியரை அழைத்துப் பேத்திக்குக் கற்பிக்கச் செய்தது ஏன்?
3. உங்கள் வீட்டுச் சமையலறையில் மட்டும் நீங்கள் கேட்கும் தமிழ்ச் சொற்கள் ஐந்தினை எழுதுக.