கதவடைத்த ஊரில் மணியோடு

'நாய்களுக்கு அனுமதி உண்டு' என்று விளம்பரத்தில் போட்டுவிட்டு, வாசலிலேயே முகம் சுளிக்கும் விடுமுறை வீடுகள் இங்கிலாந்தில் உண்டு. நாயைப் பொறுத்துக்கொள்ளும் வீடு வேறு, வரவேற்கும் வீடு வேறு. டார்பிஷயரில், பீக் டிஸ்ட்ரிக்ட் மலைப்பகுதியிலுள்ள ஈம் கிராமத்தில் அக்காவும் நானும் எடுத்தது இரண்டாவது வகை. சேற்றுக்கால் துடைக்கக் கதவருகே பழைய துண்டுகள், தரையில் தண்ணீர்க் கிண்ணம், பின்பக்கம் அக்காவின் நாய் மணி தாண்ட முடியாத உயரத்தில் கல்சுவர். நிபந்தனை ஒன்றுதான்: மாடிப் படுக்கையறைக்கு அவன் ஏறக் கூடாது.

ஷெஃபீல்டிலிருந்து ரயிலில்தான் போனோம். பிரிட்டன் ரயில்களில் ஒரு பயணி இரண்டு நாய்கள் வரை கட்டணமில்லாமல் கூட்டிப் போகலாம். வழியில் வரும் டோட்லி சுரங்கப்பாதை மூன்றரை மைல் நீளம். அந்த இருட்டு முழுக்க அவன் அக்காவின் காலடியை விட்டு நகரவில்லை. சுரங்கம் முடிகிற இடத்திலேயே கிரிண்டில்ஃபோர்டு நிலையம், அங்கிருந்து டாக்சி.

வீடு சிறியது. தடித்த கல்சுவர், தலை குனிந்து நுழைய வேண்டிய கதவு, கருத்த உத்தரங்கள், விறகு போட்டு எரிக்கும் இரும்பு அடுப்பு. அடுப்பு சூடேறியதும் மணி அதன் முன்னால் நீட்டிப் படுத்துவிட்டான். நாங்கள் தேநீரோடு அவனருகில் தரையிலேயே உட்கார்ந்துகொண்டோம். வெளியே மழை. எனக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் காலை தெருவில் இறங்கியபோதுதான் அந்த ஊர் தன் கதையைச் சொல்லத் தொடங்கியது. தேவாலயத்தை ஒட்டிய வீடுகளின் முன்னால் பச்சைப் பலகைகள். ஒவ்வொன்றிலும் அந்த வீட்டில் 1665, 1666-இல் பிளேக்கில் இறந்தவர்களின் பெயர்கள். ஒரு வீட்டுக்கு லண்டனிலிருந்து தையல்காரருக்காகத் துணிமூட்டை வந்தது. அதில் தெள்ளுப்பூச்சிகள் இருந்தன என்பது ஊர் வழிவழியாகச் சொல்லும் கதை. அங்கே வேலை பார்த்த ஜார்ஜ் விக்கர்ஸ் 1665 செப்டம்பரில் முதலில் இறந்தார். அந்த வீட்டுத் தலைவி மேரி ஹாட்ஃபீல்டு இரண்டு மகன்களையும் பிறகு கணவரையும் இழந்து தனியாக மிஞ்சினார். பதினான்கு மாதங்களில் ஊரில் 260 பேர் போனார்கள்.

1665-இல் பிளேக் பரவிய லண்டனில் நாய்களையும் பூனைகளையும் கொன்றுவிடச் சொல்லி நிர்வாகமே உத்தரவு போட்டது. நோயைப் பரப்புவது அவைதான் என்று நம்பினார்கள். பூனை போனால் எலி பெருகும் என்பதை யோசித்ததாகத் தெரியவில்லை. பிளேக் கிருமி 1894-இல் ஹாங்காங்கில்தான் கண்டறியப்பட்டது. எலியிடமுள்ள தெள்ளுப்பூச்சிதான் அதைக் கடத்துகிறது என்று பால்-லூயி சிமோன் கராச்சியில் சோதித்துக் காட்டியது 1898-இல். அதற்குள் எத்தனை வாயில்லா ஜீவன்கள் வீண்பழி சுமந்து செத்தன! அந்தப் பலகைகளின் கீழே மணி வாலாட்டிக்கொண்டு நின்றான். அவனைத் தடவிக் கொடுக்காமல் என்னால் நகர முடியவில்லை.

ஈம் ஊரை உலகம் நினைவில் வைத்திருப்பது சாவுக் கணக்குக்காக அல்ல. 1666 கோடையில் பாதிரியார் வில்லியம் மாம்பெசனும், அவருக்கு முன் அந்தப் பதவியை இழந்திருந்த தாமஸ் ஸ்டான்லியும் தங்கள் வேற்றுமையை மறந்து ஒன்றாக நின்று, யாரும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது என்று மக்களைக் கேட்டுக்கொண்டார்கள். வசதியுள்ளவர்கள் சிலர் முன்பே கிளம்பிவிட்டிருந்தார்கள். மற்றவர்கள் இருந்தார்கள். சாட்ஸ்வொர்த்திலிருந்த டெவன்ஷயர் பிரபு உணவு அனுப்பினார். வழிபாடு தேவாலயத்திலிருந்து குக்லெட் டெல்ஃப் பள்ளத்தாக்கின் திறந்தவெளிக்கு மாறியது. அவரவர் வீட்டுப் பிணத்தை அவரவரே தோட்டத்தில் புதைத்தார்கள். மாம்பெசனின் மனைவி கேத்தரினும் அந்த ஆகஸ்டில் இறந்தார். தேவாலய வளாகத்தில் அவர் கல்லறை இருக்கிறது.

ஸ்டோனி மிடில்டன் போகும் வயல்வழியில் எல்லைக்கல் கிடக்கிறது. கல்லில் குழிகள். அன்று ஈம் மக்கள் காடி ஊற்றிய அந்தக் குழிகளில் காசைப் போட்டுவிட்டு விலகிப் போவார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் காசை எடுத்துக்கொண்டு உணவும் மருந்தும் வைத்துவிட்டுப் போவார்கள். எத்தனையோ விரல்கள் தொட்டு அந்தக் குழிகளின் விளிம்பு வழவழவென்று இருக்கிறது. நானும் தொட்டுப் பார்த்தேன்.

கிழக்கே ரைலி கல்லறைகளுக்கு மேட்டு வழியாக நடக்க வேண்டும். எலிசபெத் ஹான்காக் எட்டு நாட்களுக்குள் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் அங்கே தன் கையால் புதைத்தார். வட்டமான சிறு மதில், உள்ளே கல்லறைக் கற்கள், சுற்றிலும் புல்வெளி. ஈம் போகிறவர்கள் வேறெதை விட்டாலும் இதை விடக் கூடாது. அக்கா அங்கே வெகுநேரம் பேசவே இல்லை.

வழியெல்லாம் ஆடுகளும் குட்டிகளும். மணி எவ்வளவு சாதுவாக இருந்தாலும் கயிற்றை அவிழ்க்கவில்லை. ஆடு துரத்தும் நாயைச் சுட, சில சூழல்களில் விவசாயிக்குச் சட்டமே இடம் தருகிறது. தவிர, மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை, மக்கள் நடக்க உரிமையுள்ள திறந்த மேட்டு நிலங்களில் நாய்க்கயிறு இரண்டு மீட்டருக்கு மேல் போகக் கூடாது. தரையில் கூடு கட்டும் பறவைகளுக்காக அந்த விதி. தேவாலயத்துக்கும் அருங்காட்சியகத்துக்கும், மணியோடு ஒருவர் வெளியே நிற்க, நாங்கள் முறை வைத்து ஒருவர் மாற்றி ஒருவர் போய்வந்தோம்.

நீங்கள் போவதானால் வீட்டை முன்பதிவு செய்யும்போதே தோட்டச் சுவர் முழுதாக அடைத்திருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். ஆகஸ்ட் கடைசி ஞாயிறு குக்லெட் டெல்ஃபில் பிளேக் நினைவு வழிபாடு நடக்கும். அந்த வாரம் வேண்டுமென்றால் வெகு முன்பே பதிவு செய்ய வேண்டும். பச்சைப் பலகையுள்ள வீடுகளில் இன்றும் மனிதர்கள் குடியிருக்கிறார்கள். பெயர்களைத் தெருவில் நின்று வாசியுங்கள். ஜன்னலுக்குள் எட்டிப் பார்க்காதீர்கள்.