கும்பார்வாடாவில் சக்கரப் பாடம்

மும்பை சுனாபட்டி என்றால் சுண்ணாம்புக் காளவாய் என்று பொருள். இன்று அது ஹார்பர் லைன் ஸ்டேஷன் பலகையில் வெறும் பெயர். சயானைத் தாண்டி தாராவி கும்பார்வாடாவுக்குள் நுழைந்தால் சூளைகள் இன்னும் புகைகின்றன. சௌராஷ்டிரத்தைப் பூர்வீகமாகக் கொண்ட குயவர்களிடம் பானை வனையக் கற்க வெளியாட்களும் வருகிறார்கள்.

பார்க்க எளிது. உட்கார்ந்தால் தெரியும் சங்கதி. களிமண்ணைச் சக்கரத்தின் நடுவில் நிறுத்துவதற்குள் முழங்கை நடுங்கும். கட்டைவிரல் சற்றே அழுந்தினாலும் கிண்ணம் கோணிக்கொள்ளும். விளக்கம் சொல்லிப் பயனில்லை. கற்றுக்கொடுப்பவர் கைமேல் கைவைத்து அழுத்தினால்தான் பிடிபடும்.

குயவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தச் சிரமமில்லை. வீடு, சக்கரம், சூளை எல்லாம் ஒரே இடம். தாராவி சீரமைப்புக்கான ஏலத்தில் 2022 நவம்பரில் அதானி குழுமம் வென்றது. அடுக்குமாடி வந்தால் சூளை எங்கே என்பதுதான் குயவர்களின் கவலை.