ஒரு கதவு போதாதா?

தம்பியின் பையில் 2,000 வெள்ளி இருந்தது. மூன்று ஆண்டு ஓவர்டைம் சம்பளத்திலிருந்து எடுத்த முன்பணம். பழைய கார் விற்கும் கடையில் இரண்டு நிசான் 350இசட் கார்கள் அருகருகே நின்றன. ஒன்று 2003ஆம் ஆண்டு மாடல், மற்றது 2007. புதியதற்கு 12,000 வெள்ளி கூடுதல்.

"அண்ணே, இதுல த்ரோட்டில் பாடி ரெண்டு. பழசுல ஒண்ணுதான். அப்ப இதுதானே பெஸ்ட்?" என்றான்.

எனக்குப் பதில் தெரியவில்லை. வானொலியில் எதைப் பற்றியும் இரண்டு நிமிடம் பேசிவிடலாம். தம்பியின் காசு என்றால் அப்படிப் பேச முடியாது. எங்கள் குடும்பக் காரைப் பார்க்கும் மெக்கானிக் அண்ணனைக் கையோடு அழைத்துப் போயிருந்தேன்.

எக்சலரேட்டரை மிதித்தால் எஞ்சினுக்குப் பெட்ரோல் பாய்கிறது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். "இல்ல தம்பி, நீங்க திறக்கிறது காத்துக்கான கதவு" என்றார் அவர். த்ரோட்டில் பாடிக்குள் இருப்பது ஒரு வட்டத் தகடு. மிதிக்க மிதிக்க அது திறக்கும். உள்ளே போகும் காற்றை உணரி அளக்கும். அதற்கேற்ற பெட்ரோலைக் கணினி தெளிக்கச் செய்யும்.

இரண்டு கார்களிலும் 3.5 லிட்டர் வி6 எஞ்சின்தான். பழையதில் ஒரே காற்றுக் குழாய், ஒரே தகடு. புதியதில் வடிகட்டி, குழாய், தகடு எல்லாமே இரண்டு. அமெரிக்கச் சந்தைக் கணக்கில் பழையது 287 குதிரைத் திறன், புதியது 306.

"பாத்தீங்களா?" என்றான் தம்பி.

"அந்தக் கூடுதல் முழுக்க ரெண்டாவது கதவு கொடுத்ததில்ல" என்றார் மெக்கானிக் அண்ணன். புதிய எஞ்சினில் அழுத்த விகிதம் உயர்ந்தது, கனெக்டிங் ராடுகள் நீண்டன, எஞ்சின் 7,500 சுற்று வரை போகும்படி மாற்றியமைத்தார்கள். அவ்வளவு வேகமாகச் சுற்றும் எஞ்சினுக்கு மூச்சு முட்டாமல் இருக்கத்தான் இரண்டு வழி. ஃபெடரல் நெடுஞ்சாலை நெரிசலில் ஒரு கதவே கால்வாசிகூடத் திறப்பதில்லை. அங்கே இரண்டாவது கதவால் என்ன லாபம்? 7,500 சுற்றைத் தொட்டால் இரண்டாம் கியரிலேயே நம் நெடுஞ்சாலை வேக வரம்பான 110ஐத் தாண்டிவிடும்.

தம்பி முகம் வாடியது. ஆனாலும் புதிய காரை ஸ்டார்ட் செய்தான். நின்ற இடத்திலேயே சுற்றுமானி முள் ஏறி ஏறி இறங்கியது. "டபுள் த்ரோட்டில் வண்டின்னா அப்படித்தான்" என்றார் விற்பனையாளர். மெக்கானிக் அண்ணன் குழாய்களைக் கழற்றிக் காட்டினார். ஒரு தகடு பளபளத்தது. மற்றதில் கருப்பாகக் கரி படிந்திருந்தது.

அந்தக் கணம் எனக்கு எங்கள் ஸ்டூடியோ நினைவுக்கு வந்தது. தனியாக நிகழ்ச்சி நடத்தினால் என் தவறு என்னோடு போகும். இருவர் நடத்தினால் கலகலப்பு கூடும். ஆனால் ஒருவர் தடுமாறினாலும் நிகழ்ச்சியே தடுமாறும். இரண்டு த்ரோட்டிலும் அப்படித்தான். இரண்டும் ஒரே அளவு திறக்க வேண்டும், ஒரே மாதிரி சுத்தமாக இருக்க வேண்டும். சுத்தம் செய்த பிறகு, தகடு மூடிய நிலையையும் ஐட்லிங்கையும் கணினிக்கு மறுபடி கற்றுக்கொடுக்க வேண்டும். பராமரிப்பும் இரட்டிப்பு.

ரேஸ் தடத்தில் ஓட்டுகிறவருக்கு அந்த இரட்டிப்புச் செலவு தகும். தம்பி ஓட்டப்போவது கிள்ளானிலிருந்து ஷா ஆலாம் வேலைக்கு. அவன் அன்று முன்பணம் கட்டவில்லை. இரண்டு வாரம் யோசித்துவிட்டுப் பழைய மாடலையே எடுத்தான். மிச்சப்பட்ட காசில் நான்கு டயரும் பிரேக்கும் புதிதாகப் போட்டான்.

எனக்கும் ஒரு பாடம் கிடைத்தது. என் சின்னக் கார் சில மாதங்களாகச் சிவப்பு விளக்கில் நின்றால் குலுங்கும், சில சமயம் அணைந்தே போகும். விடிகாலை நிகழ்ச்சிக்குப் போகும் வழியில் எத்தனை நாள் வயிறு கலங்கியிருக்கிறது! கார் மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். பட்டறையில் அரை மணி நேரம். அந்த ஒற்றைத் தகட்டைத் துடைத்துக் கொடுத்தார்கள். அதன்பின் குலுங்கவே இல்லை.

அம்மாவுக்கு மட்டும் தம்பி மேல் இன்னும் கோபம். "ஒரு கதவோ ரெண்டு கதவோ, பின்னாடி சீட்டே இல்லையேடா, நான் எங்க உக்காருறது?"

அதற்கு மெக்கானிக் அண்ணனிடமும் பதில் இல்லை.