வண்டிக்கும் அக்கம்பக்கம் வேண்டும்

புதுவையிலிருந்து விழுப்புரம் செல்லும் சாலையில் ரெட்டியார்பாளையத்தைக் கடந்ததும் வருவது மூலக்குளம். இன்று அது நகரத்தோடு ஒட்டிய குடியிருப்பு. ஆயினும் திருத்தல யாத்திரை செல்வோர்க்கு இதனினும் வசதியான ஊர் அமைவது அரிது. மேற்கே சிறிது தூரத்தில் வில்லியனூர். அங்கே கோகிலாம்பிகை உடனுறை திருக்காமீஸ்வரர் அருள்பாலிக்கிறார். அவருடைய தேர்வடத்தைப் பிரெஞ்சுக்காரர் காலத்தில் ஆளுநரே வந்து பிடித்ததும், இன்றளவும் துணைநிலை ஆளுநர் வடம் பிடிக்கும் மரபு தொடர்வதும் இவ்வட்டாரத்தார் பெருமையுடன் சொல்லும் செய்தி. அதனை அடுத்துச் சங்கராபரணிக் கரையில் திருக்காஞ்சி. தெற்கே பேரேரியை உடைய பாகூரில் மூலநாதர். வடமேற்கே திருவக்கரையில் சந்திரமௌலீஸ்வரரும் வக்கிரகாளியம்மனும். இன்னும் தொலைவில், செஞ்சிக்கு அப்பால், மேல்மலையனூர் அங்காள பரமேஸ்வரி.

அமாவாசை, பௌர்ணமி நாட்களில் எங்கள் பகுதியிலிருந்து ஒரு வேனாவது புறப்படாமல் இராது. ஏறுபவர்களில் பெரும்பாலோர் அறுபதைக் கடந்தவர்கள். வேனுக்குள் ஒரு சிறு குடும்பமே குடியேறிவிடும். புளியோதரைத் தூக்கு, குடிநீர்க் கேன், பாய், தலையணை, மாற்றுடை, மருந்துப் பெட்டி, பூஜைச் சம்புடம் என எல்லாம் உள்ளே இருக்கும். கேரள அரசு 2021-ஆம் ஆண்டில் படுக்கை, சமையலறையோடு கூடிய கேரவன் வண்டிகளுக்கெனத் தனிச் சுற்றுலாக் கொள்கையையே அறிவித்தது. நம் அடியார் குழுக்களின் வேனும் ஒருவகையில் அத்தகைய நடமாடும் வீடுதான்.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. வீட்டைப் பூட்டிச் செல்லும்போது எதிர்வீட்டு அம்மாள் பார்க்கிறார். பக்கத்து வீட்டுப் பெரியவர் திண்ணையில் இருக்கிறார். அறியாத ஒருவன் கதவருகே நின்றால், "யாரப்பா, என்ன வேண்டும்?" என்று ஒரு குரல் எழும். அந்தக் குரல்தான் உண்மையான பூட்டு. ஊருக்கு வெளியே, ஆற்றங்கரையிலோ அறுவடை முடிந்த வயலிலோ நாம் நிறுத்திச் செல்லும் வேனுக்கு அக்கம்பக்கம் என்று எதுவும் இல்லை. யாத்திரையில் வண்டியைக் காப்பது பற்றி எண்ணும்போது நாம் தொடங்க வேண்டிய இடம் இதுவே.

வண்டி தனித்து நிற்கும் தலங்கள்

திருக்காஞ்சியில் எழுந்தருளியிருப்பவர் கங்கைவராக நதீஸ்வரர். காசிக்கு எடுத்துச் சென்ற அஸ்தி இத்தலத்தில் பூவாக மாறியது என்றும், ஆகவே இது காசியினும் வீசம் அதிகம் என்றும் தலவரலாறு கூறுகிறது. அமாவாசை தோறும் தர்ப்பணம் செய்ய இங்கு வருவோர் பலர். மாசி மகத்தன்று சுற்றுவட்டாரத்துத் தெய்வங்கள் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும்போது கரை முழுவதும் மனிதத் தலைகளே தெரியும். ஆற்றில் இறங்குபவர் கைப்பையையும் கைபேசியையும் எங்கே வைப்பார்? வண்டியில்தான். திருடும் எண்ணம் கொண்டவனுக்கும் இது தெரியும்.

திருவக்கரை சம்பந்தப் பெருமானின் பதிகம் பெற்ற தலம். மரங்கள் கல்லாகிக் கிடக்கும் தேசியக் கல்மரப் பூங்காவும் அருகிலேயே உள்ளது. பௌர்ணமி இரவில் அம்மன் தரிசனத்துக்குக் கூட்டம் பெருகும். மேல்மலையனூரிலோ அமாவாசை நள்ளிரவில் ஊஞ்சல் உற்சவம். வண்டிகள் கோயிலிலிருந்து வெகு தொலைவில் நிறுத்தப்படும். கூட்டம் முழுவதும் அம்மனை நோக்கிச் சென்றுவிட, வண்டிகள் இருளில் தனியே நிற்கும். சபரிமலைக்குச் செல்வோரும் இதனை அறிவர். 2018-ஆம் ஆண்டு வெள்ளத்துக்குப் பிறகு வண்டிகளை நிலக்கல்லில் நிறுத்திவிட்டுப் பேருந்தில் பம்பைக்குச் செல்வது வழக்கமாயிற்று. மலையேறி இறங்கி வரும்வரை வண்டி பல மணி நேரம் ஆளின்றி நிற்கிறது.

கதவில்லாத ஊரில் நடந்தது

இவ்விடத்தில் மகாராஷ்டிரத்துச் சனி சிங்கணாப்பூரை நினைவுகூர்தல் பொருந்தும். சீரடி செல்லும் தமிழ் அன்பர்கள் பலர் அங்கும் சென்று வருகின்றனர். சனி பகவான் அங்கே கருங்கல் வடிவாக வெட்டவெளியில் நிற்கிறார். அவர் காவல் இருப்பதால் ஊரில் வீடுகளுக்குக் கதவே வைப்பதில்லை என்பது தலைமுறை தலைமுறையாக வந்த நம்பிக்கை. 2011 ஜனவரியில் யூகோ வங்கி அங்கு ஒரு கிளையைத் திறந்தபோது, பூட்டில்லாத வங்கிக் கிளை என்று நாடெங்கும் செய்தி வந்தது. வங்கியில் ஆயுட்காலத்தைக் கழித்த என் போன்றோருக்கு அது வியப்பான செய்தி. பெட்டகச் சாவியைக் கையில் வாங்கிய நாள் முதல் ஓய்வு பெற்ற நாள் வரை, பூட்டைச் சரிபார்க்காமல் வீடு திரும்பியதில்லை அல்லவா!

ஆனால் வங்கி திறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்பே, 2010-ஆம் ஆண்டில், அவ்வூரில் ஒரு திருட்டுப் புகார் எழுந்தது. வெளியூரிலிருந்து தரிசனத்துக்கு வந்த ஒருவர், தம் வண்டியிலிருந்து 35,000 ரூபாய் மதிப்புள்ள பணமும் பொருளும் களவு போயின என்று முறையிட்டார். கதவில்லாத வீடுகள் நிறைந்த ஊரில், கதவும் பூட்டும் உள்ள வண்டியிலிருந்து பொருள் போயிற்று என்பதைக் கவனியுங்கள். சனி பகவானின் சக்தி குறைந்துவிட்டதாக இதற்குப் பொருள் கொள்ள வேண்டியதில்லை. ஒருவரையொருவர் அறிந்த மக்களின் நடுவில் அவ்வீடுகள் இருக்கின்றன. வண்டியோ காலையில் வந்து மாலையில் போகும் அந்நியப் பொருள். அதனை யாரும் தம்முடையதாகக் கருதிக் கவனிப்பதில்லை.

நம் முன்னோர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். மாட்டுவண்டி கட்டி யாத்திரை போன காலத்தில், இருட்டியபின் தனி வழியில் வண்டியை அவிழ்க்க மாட்டார்கள். சத்திரமோ சாவடியோ வரும்வரை காத்திருப்பார்கள். பல வண்டிகள் சேர்ந்தே செல்லும்; சேர்ந்தே தங்கும். மதுரையில் ராணி மங்கம்மாள் பெயரால் இன்றும் நிற்கும் சத்திரம் போன்றவை வழிப்போக்கர்க்குச் சோறும் நிழலும் தந்தன, துணையும் தந்தன. சத்திரங்கள் அருகிவிட்ட இக்காலத்தில் அந்தத் துணையை நாமே தேடிக்கொள்ள வேண்டும்.

துணை தேடும் வழி

முதலில் இடம். கட்டணம் இல்லை என்பதற்காக ஒதுக்குப்புறத்தில் நிறுத்துவதைவிட, சீட்டு கொடுத்து நிறுத்தும் இடமே மேல். சிறு தொகைதான், அதற்கு அங்கே ஓர் ஆள் நிற்கிறார். அத்தகைய இடம் இல்லாத ஊரில் தேநீர்க் கடை, பூக்கடை, காவல் உதவி மையம், விளக்குக் கம்பம் ஆகியவற்றுள் ஒன்றின் பார்வையில் நிறுத்தலாம். பக்கக் கதவைச் சுவரோரமாகவும், முகப்பைச் சாலை நோக்கியும் வைத்தால் புறப்படுவதற்கும் எளிது. அர்ச்சனைக்கான பூவை அருகிலுள்ள கடையிலேயே வாங்குங்கள். "அம்மா, நாங்கள் புதுவையிலிருந்து வருகிறோம், தரிசனம் முடிந்து ஒரு மணி நேரத்தில் வந்துவிடுவோம், வண்டியை ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிச் செல்லுங்கள். அந்த ஒரு வார்த்தையில் உங்கள் வேனுக்கு ஓர் எதிர்வீட்டு அம்மாள் கிடைத்துவிடுகிறார். உடன் வந்த வேறு ஊர் வேன்களோடு பேசி, குழுக்கள் முறை வைத்துத் தரிசனத்துக்குச் செல்வதும் நன்று.

அடுத்து, வண்டிக்குள் என்ன இருக்கிறது என்பது. கண்ணாடியை உடைத்துப் பையை இழுத்துச் செல்ல ஒரு நிமிடம் கூட ஆகாது. ஆகவே இருக்கையில் பை எதுவும் தெரியக் கூடாது. திரையை மூடி வைப்பதைவிடத் திறந்து வைப்பது சில வேளைகளில் நல்லது. உள்ளே ஒன்றும் இல்லை என்பதை வருபவன் வெளியிலிருந்தே பார்த்துக்கொள்ளட்டும். நிறுத்திய இடத்திலேயே பெட்டியைத் திறந்து பொருள்களை அடுக்கினால், பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு நாமே வழிகாட்டியதாகும். வண்டியை நிறுத்துவதற்கு முன்பே அந்த வேலையை முடித்துவிட வேண்டும். தொலைவிலிருந்து பூட்டும் சாவியானாலும் கதவைக் கையால் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். "உங்கள் பணம் கீழே விழுந்திருக்கிறது", "சக்கரத்தில் காற்று இறங்கியிருக்கிறது" என்று யாரேனும் அழைத்தால், ஒருவர் இறங்கிப் பார்க்கும்போது மற்றவர் வண்டியைவிட்டு நகரக் கூடாது. கவனத்தைத் திருப்பிப் பொருளைக் கவர்வது பழைய தந்திரம்.

வங்கிப் பெட்டகத்துக்கு இரண்டு சாவிகள். இரண்டும் ஒருவர் கையில் இருப்பதில்லை. யாத்திரையிலும் இம்முறை உதவும். ஒரு சாவி ஓட்டுநரிடம், மற்றொன்று குழுவின் மூத்தவரிடம் இருக்கட்டும். மாற்றுச் சாவியை வண்டிக்குள்ளேயே ஒளித்து வைப்பது கூடாது. வண்டியே களவு போனால் காப்பீட்டு நிறுவனம் இரு சாவிகளையும் கேட்கும் என்பதையும் மனத்தில் கொள்க. உடைந்த கண்ணாடிக்கு முழுக் காப்பீட்டில் இழப்பீடு கிடைக்கலாம். உள்ளே இருந்த உங்கள் பைக்கு, தனியே சேர்க்காதவரை, பொதுவாகக் கிடைக்காது.

நகைகளை வங்கிப் பெட்டகத்தில் வைத்துவிட்டு, மஞ்சள் கயிறும் மன நிறைவுமாகப் புறப்படும் பழக்கம் நம் தாய்மாரிடம் இருந்தது, அதனை மீட்டெடுப்போம். ஏ.டி.எம். அட்டையின் உறையிலேயே ரகசிய எண்ணை எழுதி வைத்த முதியவர்கள் எத்தனையோ பேரை நான் பணிக்காலத்தில் கண்டிருக்கிறேன். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, ரகசிய எண்ணை வெளிப்படுத்தியது போன்ற கவனக்குறைவால் இழப்பு நேர்ந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு வாடிக்கையாளரையே சாரும். தெரிவித்த பின் நேரும் இழப்பு வங்கியைச் சாரும். ஆகவே அட்டையை முடக்குவதற்கான தொலைபேசி எண்ணைத் தனித் தாளில் எழுதி இடுப்புப் பையில் வைத்திருங்கள்.

மனிதரைப் பூட்டாக்க வேண்டாம்

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் குழுவோடு வந்த தம்பதியின் பை ஒரு தலத்தின் அருகே வண்டியிலிருந்து களவு போயிற்று. அதில் பணம் இல்லை. இருவருக்கும் ஒரு வாரத்துக்கான இரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளும் மூக்குக்கண்ணாடியும் இருந்தன. திருடியவனுக்கு அவற்றால் ஒரு பயனும் இல்லை. அவர்களுக்கோ யாத்திரை அன்றே முடிந்தது. அன்று முதல், இரண்டு நாள் மருந்தும் மருத்துவரின் சீட்டும் ஒவ்வொருவர் உடலோடும் இருக்க வேண்டும் என்பதை எங்கள் குழு விதியாகக் கொண்டுள்ளது.

அந்த நிகழ்ச்சிக்குப் பின் மற்றொரு யோசனையும் எழுந்தது. மூட்டுவலியால் படியேற முடியாத பெரியவரை வண்டியிலேயே காவலுக்கு இருத்தலாம் என்றார் ஒருவர். இதனை நான் உறுதியாக மறுத்தேன். வெயிலில் கண்ணாடி ஏற்றி நிற்கும் வண்டிக்குள் பத்து நிமிடத்திலேயே வெப்பம் வெளியைவிடப் பத்து டிகிரி அளவுக்கு உயரும். திருடனுக்கு அஞ்சிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பெரியவர் உள்ளே கண்ணயர்ந்தால் என்ன ஆகும்? பையைக் காக்கப் போய் உயிரை இழக்கலாமா? வர இயலாதவரைக் கோயில் மண்டபத்து நிழலில், துணையோடு அமர வையுங்கள். அவருக்குக் கோபுர தரிசனமாவது கிட்டும்.

ஓட்டுநர் நிலையும் இதுவே. பகலெல்லாம் வண்டி ஓட்டியவரை இரவெல்லாம் வண்டிக்குக் காவல் வைத்து, மறுநாள் விடியலில் மீண்டும் ஓட்டச் சொல்வது பாவம், ஆபத்தும் கூட. மேல்மலையனூர் ஊஞ்சல் பார்த்துத் திரும்பும் நள்ளிரவில் அவருடைய கண்விழிப்பில்தான் பதினைந்து குடும்பங்களின் நலன் இருக்கிறது. நாம் தரிசனத்தில் இருக்கும்போது அவர் உறங்கட்டும். காவலுக்கு வேறு ஏற்பாடு செய்வது நம் கடமை.

களவு நேர்ந்துவிட்டால் பதற வேண்டாம். உடைந்த கண்ணாடியைத் தொடாமல் 112 என்ற எண்ணை அழையுங்கள். வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுக்கப்பட்டால் 1930. எங்கள் வட்டாரத்தில் எந்த ஊர் புதுவை, எந்த ஊர் தமிழகம் என்று வழிப்போக்கர்க்கு விளங்காது. திருக்காஞ்சி புதுவையைச் சேர்ந்தது, திருவக்கரை தமிழகத்தைச் சேர்ந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, குற்றம் எப்பகுதியில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவலைப் பதியலாம். எல்லையைக் காரணம் காட்டி உங்களை அலைக்கழிக்க வேண்டியதில்லை.

"எல்லாம் இறைவன் பார்த்துக்கொள்வான்" என்று சொல்லும் அன்பர்களுக்கு ஒன்று கூற விரும்புகிறேன். சிவாலயங்களில் அர்த்தஜாம பூஜை முடிந்ததும் கதவுகளைப் பூட்டிச் சாவியைப் பைரவர் சன்னிதியில் வைக்கும் மரபு உண்டு. க்ஷேத்திரபாலரான அவரே காவல் என்பது ஐதிகம். ஆயினும் பூட்டாமல் சாவியை வைப்பதில்லை. முதலில் பூட்டுகிறார்கள், பிறகு ஒப்படைக்கிறார்கள். நாமும் பூட்டுவோம், பூக்கடை அம்மாளிடம் ஒரு வார்த்தை சொல்வோம், மருந்தை மடியில் வைப்போம், மூத்தவரைக் கைபிடித்து அழைத்துச் செல்வோம். அதன்பின் பைரவரை நினைத்துக்கொண்டு நடந்தால், சன்னிதியில் நிற்கும்போது மனம் வண்டியில் நிற்காது.